அடித்ததும் அடிக்க வைத்ததும்: வெய்ன் கிரெட்ஸ்கியின் ஆட்டவாழ்வு குறித்து ஒரு மதிப்பீடு

2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் அருகே எல்மண்டில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில், வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணியின் அலெக்ஸாண்டர் ஓவெச்கின் தம் 895ஆவது கோலை அடித்தார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் அதுவரை எவரும் அத்தனை கோல் அடித்ததில்லை. 894 கோல்களோடு முதலிடத்தில் இருந்த வெய்ன் கிரெட்ஸ்கி அரங்கில் அமர்ந்து அதைப் பார்த்தார். பிறகு ஓவெச்கினை வாழ்த்தினார். கிரெட்ஸ்கி லீகில் ஆடியது மொத்தம் 1,487 ஆட்டங்கள். ஓவெச்கின் அவரைத் தாண்டியதும் தம் 1,487ஆவது ஆட்டத்தில்தான்.

எல்லாரும் அறிந்த அந்தச் சாதனை கைமாறிய பின், கிரெட்ஸ்கியை இன்னும் தலைசிறந்தவர் என்று சொல்லலாமா? அவருடைய பெருமை காலத்தின் கொடையா, அணியின் கொடையா, அவருடைய சொந்த ஈட்டலா? அவரது இருபது ஆண்டுத் தொழில்வாழ்வைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடக்கும் விவாதம் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒவ்வொரு வாதத்தையும் அதற்குரிய சான்றுகளோடு எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டமும் அதன் கணக்கும்

ஐஸ் ஹாக்கி நம்மில் பலருக்கு நேரடிப் பழக்கமில்லாத ஆட்டம். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில், பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும் சறுக்குக் காலணியில் ஓடி ஆடுகிறார்கள். ‘பக்’ என்னும் கெட்டியான ரப்பர் வட்டுதான் பந்து. இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. வேகம் அதிகம் என்பதால் ஒருவர் ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்ப, அடுத்தவர் இறங்குவார். உடலால் மோதித் தடுப்பது விதிக்கு உட்பட்டதே.

இந்த ஆட்டத்தின் கணக்கு முறை நம் விவாதத்துக்கு முக்கியம். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு முன் வட்டைக் கடத்திக் கொடுத்த இருவர் வரை ஆளுக்கு ஓர் ‘அசிஸ்ட்’. அதற்கும் தலா ஒரு புள்ளி. அதாவது, அடித்தவரையும் அடிக்க வைத்தவரையும் இந்த ஆட்டம் ஒரே எடையில் பதிவு செய்கிறது. ஆயினும் ரசிகர் நினைவிலும் நாளிதழ்த் தலைப்பிலும் நிற்பது கோல்தான். கிரெட்ஸ்கியைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தடம் மாறுவது இந்த இடத்தில்தான்.

பிராண்ட்ஃபோர்டிலிருந்து எட்மண்டனுக்கு

கிரெட்ஸ்கி 1961 ஜனவரி 26 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து பிராண்ட்ஃபோர்டில் பிறந்தார். தந்தை வால்டர், தொலைபேசி நிறுவனத் தொழில்நுட்பப் பணியாளர். குளிர்காலத்தில் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டு, அந்தப் பனித்தளத்தில் மகனுக்குப் பயிற்சி கொடுத்தார். வட்டு இருக்கும் இடத்துக்கு ஓடாதே, அது வந்து சேரப்போகும் இடத்துக்கு ஓடு என்பதே அவர் ஓயாமல் சொன்ன பாடம். பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல் அடித்த சிறுவனைப் பற்றிக் கனடா முழுக்கப் பேச்சு எழுந்தது.

அவர் எல்லாரையும்விட மெலிந்தவர். ஓட்டத்தில் முதல்வரும் அல்லர். அவரது அடியில் அபார வேகமும் இல்லை. தம்மைவிட வயதில் பெரியவர்களோடு ஆடி வளர்ந்தவர் என்பதால், மோதலில் வெல்வதைவிட மோதல் நேராத இடத்தில் நிற்பதைக் கற்றுக்கொண்டார். இளையோர் அணியில் சூ செயின்ட் மேரி நகருக்கு ஆடியபோது, தம் ஆதர்ச வீரர் கார்டி ஹவ் அணிந்த 9ஆம் எண்ணைக் கேட்டார். அது வேறொருவரிடம் இருந்ததால் பயிற்சியாளரின் யோசனைப்படி 99ஐ ஏற்றார்.

தேசிய ஹாக்கி லீகுக்குப் போட்டியாக அப்போது உலக ஹாக்கி சங்கம் என்ற இன்னொரு தொழில்முறை அமைப்பு இயங்கி வந்தது. பதினேழு வயதில் கிரெட்ஸ்கி அங்கே இண்டியானாபொலிஸ் ரேசர்ஸ் அணியில் சேர்ந்தார். எட்டே ஆட்டங்கள் முடிந்த நிலையில், பணமுடையில் இருந்த அந்த அணி அவரை எட்மண்டன் ஆயிலர்ஸுக்கு விற்றது. தம் பதினெட்டாம் பிறந்தநாளில், பனித்தளத்தின் நடுவிலேயே, உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனோடு 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1979இல் அந்தச் சங்கம் கலைந்து, எட்மண்டன் உட்பட நான்கு அணிகள் தேசிய லீகில் சேர்ந்தன.

1979 அக்டோபர் 10 அன்று சிகாகோவில் எட்மண்டன் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடியது. அணியின் முதல் கோலை அடித்தவர் கெவின் லோ. அதற்கு வட்டைக் கொடுத்தவர்களில் கிரெட்ஸ்கியும் ஒருவர். லீகில் அவர் பெற்ற முதல் புள்ளி ஓர் அசிஸ்ட்.

உச்சத்தின் எண்கள்

முதல் பருவத்திலேயே 137 புள்ளிகள் எடுத்து மார்செல் டியோனோடு முதலிடத்தைப் பகிர்ந்தார். கூடுதல் கோல் அடித்திருந்த டியோனுக்குப் புள்ளிக் கோப்பை போயிற்று. ஆனால் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது கிரெட்ஸ்கிக்குக் கிடைத்தது. தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அதை வேறெவரும் பெறவில்லை. அடுத்த பருவத்தில் 164 புள்ளிகள்; ஃபில் எஸ்போசிட்டோவின் 152 தகர்ந்தது.

1981–82 பருவம் இந்த ஆட்டத்தின் வரலாற்றையே இரண்டாகப் பிரித்தது. 50 ஆட்டங்களில் 50 கோல் என்பது 1944–45இல் மாரிஸ் ரிச்சர்ட் நிறுவிய உயரம். கிரெட்ஸ்கி 38 ஆட்டங்களில் 45 கோல் அடித்திருந்தார். 39ஆவது ஆட்டம் டிசம்பர் 30 அன்று, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக. அன்று ஒரே இரவில் ஐந்து கோல், ஐம்பது நிறைந்தது. பருவ முடிவில் 92 கோல், 120 அசிஸ்ட், 212 புள்ளிகள். 1985–86இல் அதையும் தாண்டி 215 எடுத்தார். அவற்றில் 163 அசிஸ்ட்கள். ஒரு பருவத்தில் 200 புள்ளிகளைக் கடந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. நான்கு முறை கடந்தார்.

எதிரணி கோல் வலைக்குப் பின்னால் உள்ள குறுகிய இடத்தை ‘கிரெட்ஸ்கியின் ஆபீஸ்’ என்றே ரசிகர்கள் அழைத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் பாபி கிளார்க் ஆடுவதைப் பார்த்து இளம் வயதில் கற்றுக்கொண்ட உத்தி அது. அங்கே நிற்பவரைத் தடுக்க வலையைச் சுற்றிப் போனால் கோல் முகப்பு திறந்துவிடும். போகாமல் விட்டால் அவர் பொறுமையாக ஆளைத் தேடி வட்டை அனுப்புவார். கோல்கீப்பரும் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரணியை இரண்டில் ஒரு தவறைத் தேர்ந்தெடுக்க வைத்த இடம் அது.

முதல் ஐயம்: காலம் கொடுத்த எண்களா?

கிரெட்ஸ்கியின் எண்களைக் குறைத்து மதிப்பிடுபவர்களின் வலுவான வாதம் காலத்தைப் பற்றியது. அதை எளிதில் தள்ள முடியாது. 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் அடித்தன. அவர் ஓய்வுபெற்ற 1999இல் அது ஐந்தரைக்கும் கீழே இறங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கோல்கீப்பர்களின் காப்புறைகள் பெருத்தன. முழங்காலிட்டுக் கால்களை விரித்துக் கீழ்ப்பகுதியை அடைக்கும் பாணியை பாட்ரிக் ருவா போன்றவர்கள் பரவலாக்கினார்கள். நடுத்தளத்திலேயே எதிரணியை மறித்து நிறுத்தும் தடுப்பு உத்தியால் நியூஜெர்சி டெவில்ஸ் 1995இல் லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றது. எட்மண்டன் எண்கள் கோல் மலிந்த காலத்தில் எடுத்தவை என்பது உண்மை.

ஆனால் அந்தக் காலம் அவர் ஒருவருக்காக வந்ததல்ல. அதே கோல்கீப்பர்களை எதிர்த்து, அதே விதிகளின் கீழ், அதே பனித்தளத்தில் எல்லாருமே ஆடினார்கள். 1981–82இல் கிரெட்ஸ்கி 212. இரண்டாம் இடம் பெற்ற மைக் பாஸி 147. 1983–84இல் கிரெட்ஸ்கி 205. அடுத்து வந்த பால் காஃபி 126. 1985–86இல் கிரெட்ஸ்கி 215. அடுத்த மாரியோ லெம்யூ 141. காலத்தின் வெள்ளம் எல்லாரையும் உயர்த்தியது; மற்றவர்களுக்கும் இவருக்கும் இடையே அறுபது எழுபது புள்ளி தூரத்தை அது உண்டாக்கவில்லை. இந்த ஐயத்துக்கு எண்களே பதில் சொல்லிவிடுகின்றன.

இரண்டாம் ஐயம்: அணி கொடுத்த எண்களா?

எட்மண்டன் அணி அபாரமானது. மார்க் மெஸியே, யாரி குர்ரி, பால் காஃபி, க்ளென் ஆண்டர்சன், கோல்கீப்பர் கிராண்ட் ஃப்யூர் என்று எல்லாருமே புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். பயிற்சியாளர் க்ளென் சாதர் ஐரோப்பியப் பாணியில் இடம் மாறி மாறி ஓடும் தாக்குதலை அனுமதித்தார். கிரெட்ஸ்கியை எதிரணி முரட்டாட்டத்திலிருந்து காக்க டேவ் செமென்கோ, பின்னர் மார்ட்டி மெக்சோர்லி என்று பலசாலிகள் உடன் இருந்தார்கள். 1983–84இல் இந்த அணி அடித்த 446 கோல்கள் இன்றும் லீக் சாதனை. இரு தரப்பிலும் ஒரே நேரத்தில் தண்டனை விழுந்து நாலுக்கு நாலு ஆகும்போது எட்மண்டன் கோலாகக் குவித்தது. 1985இல் லீக் அந்த விதியையே மாற்றியது. எட்மண்டனைக் கட்டுப்படுத்தவே அந்த மாற்றம் என்று பலரும் கருதினார்கள்.

கோப்பை மட்டும் எளிதில் வரவில்லை. 1983 இறுதிச் சுற்றில் நியூயார்க் ஐலண்டர்ஸ் நான்கு ஆட்டங்களிலும் எட்மண்டனை வென்றது. கிரெட்ஸ்கியால் அச்சுற்றில் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. தோற்று வெளியேறும்போது, வென்றவர்களின் அறையில் கொண்டாட்டத்துக்குப் பதில் காயங்களுக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டதாகவும், வெற்றியின் விலை அப்போதுதான் புரிந்ததாகவும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே அதே ஐலண்டர்ஸை வென்று கோப்பையைப் பெற்றார்கள். 1984, 1985, 1987, 1988 என நான்கு கோப்பைகள் கிரெட்ஸ்கியின் தலைமையில் வந்தன.

கிரெட்ஸ்கி 1988இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறினார். 1990இல் அவர் இல்லாமலே, மெஸியேயின் தலைமையில், எட்மண்டன் ஐந்தாவது கோப்பையை வென்றது. அணிதான் அவரை உருவாக்கியது என்பவர்களுக்கு இது வலுவான சான்று. அவரைப் பிரிந்த முதல் பருவத்திலும் குர்ரி 44 கோல் அடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்மண்டனின் தரம் ஒருவரால் மட்டும் வந்ததல்ல என்பதை மறுப்பது அந்தச் சக வீரர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் கேள்வியின் மறுபாதி, அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பது. லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியின் பெர்னி நிக்கல்ஸ் 1987–88இல் 32 கோல் அடித்திருந்தார். கிரெட்ஸ்கி வந்த 1988–89 பருவத்தில் அவர் அடித்தது 70. லீக் வரலாற்றில் ஒரு பருவத்தில் 70 கோலைத் தொட்டவர்கள் மொத்தமே எட்டுப் பேர். அவர்களில் கிரெட்ஸ்கி ஒருவர். குர்ரியும் நிக்கல்ஸும் அந்த எண்ணைத் தொட்டது அவரோடு ஆடிய பருவங்களில். அந்தப் பருவத்துக் கோப்பைப் போட்டியில் கிங்ஸ் முதல் சுற்றிலேயே எட்மண்டனை, 1–3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, ஏழு ஆட்டங்களில் வென்றது.

1987 கனடா கோப்பைப் போட்டியையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். ஒன்பது ஆட்டங்களில் கிரெட்ஸ்கி அடித்தது மூன்றே கோல், அசிஸ்ட்கள் 18. அவர் பக்கத்தில் ஆடிய இளம் லெம்யூ 11 கோல் அடித்தார். சோவியத் அணியுடனான இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம் 5–5 என்று நின்றபோது, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடமே இருக்கையில், கிரெட்ஸ்கி கொடுத்த வட்டை லெம்யூ கோலாக்கினார். கனடா மறவாத கோல்களில் அது ஒன்று. அணி அவரை உயர்த்தியது என்பது பாதி உண்மை. சென்ற அணியிலெல்லாம் சக வீரரை அவர் உயர்த்தினார் என்பது மறுபாதி.

விற்பனைக்கு வந்த நட்சத்திரம்

1988 ஆகஸ்ட் 9 கனடாவின் பொதுவாழ்விலேயே பதிந்துபோன நாள். கோப்பை வென்ற சில மாதங்களில், திருமணமான சில வாரங்களில், கிரெட்ஸ்கி கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ஈடாக எட்மண்டன் பெற்றவை: இரண்டு இளம் வீரர்கள், மூன்று முதல்சுற்றுத் தேர்வு உரிமைகள், ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர். செய்தியாளர் சந்திப்பில் அவர் பேச முடியாமல் கண்ணீர் விட்டார். அரசே இதைத் தடுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் குரல் எழுப்பினார். ரசிகர்கள் உரிமையாளரைத் தூற்றினார்கள்.

தொழில்முறை விளையாட்டில் ஆட்டக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் வரவுசெலவுக் கணக்கில் ஓர் இனம்தான் என்பதை அந்த நாள் எல்லாருக்கும் காட்டியது. பாக்லிங்டனுக்குப் பணம் தேவைப்பட்டது. கிங்ஸ் உரிமையாளர் ப்ரூஸ் மெக்நாலுக்கு நட்சத்திரம் தேவைப்பட்டது. அந்த மெக்நாலே பின்னர் வங்கிகளை ஏமாற்றிய குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

விளைவுகள் அந்த இருவரையும் தாண்டிப் போயின. 1988இல் கலிஃபோர்னியாவில் இருந்த ஒரே அணி கிங்ஸ். 1991இல் சான் ஹோசேக்கும் 1993இல் ஆனஹைமுக்கும் அணிகள் வந்தன. ஃபுளோரிடாவுக்கும் இரண்டு வந்தன. பனியே விழாத நகரங்களில் சிறுவர்கள் ஹாக்கி மட்டையைப் பிடித்தார்கள். அரிசோனா பாலைநிலத்தில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் 2016இல் லீகின் முதல் தேர்வாக எடுக்கப்பட்டார். இன்னொரு பக்கம், கியூபெக், வின்னிபெக் என்ற இரண்டு கனடிய நகரங்கள் தம் அணிகளைத் தெற்கே பறிகொடுத்தன. இந்த மாற்றம் முழுவதற்கும் ஒருவரைக் காரணமாக்குவது மிகை. ஆனால் தெற்கிலும் இந்த ஆட்டம் விலைபோகும் என்ற நம்பிக்கையை விதைத்தது அந்த விற்பனைதான்.

உடல் தளர்ந்தபின் எஞ்சியது

1989 அக்டோபர் 15 அன்று, எட்மண்டன் அரங்கிலேயே, கார்டி ஹவ்வின் 1,850 புள்ளிச் சாதனையை அவர் கடந்தார். ஹவ்வுக்கு அதற்கு 1,767 ஆட்டங்கள் தேவைப்பட்டன, கிரெட்ஸ்கிக்கு 780. 1993இல் கிங்ஸை இறுதிச் சுற்றுவரை கொண்டுசென்றார், மான்ட்ரியாலிடம் தோல்வி. 1994 மார்ச் 23 அன்று 802ஆவது கோலை அடித்து ஹவ்வின் கோல் சாதனையையும் தாண்டினார். அதன்பிறகு கோப்பை அவர் கைக்கு எட்டவில்லை. முதுகுத் தண்டுவட்டுக் காயத்தால் 1992–93 பருவத்தின் பாதியை ஏற்கெனவே இழந்திருந்தார். 1996இல் செயின்ட் லூயிஸில் சில வாரங்கள் ஆடிவிட்டு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் செக் அணிக்கு எதிராகப் பெனால்டி அடி தேவைப்பட்டபோது, பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த ஐவரில் அவர் இல்லை. பெஞ்சில் இருந்தபடியே கனடாவின் தோல்வியைப் பார்த்தார்.

இந்தப் பிற்காலத்தைச் சரிவு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அவரை விளங்கிக்கொள்ள மிக உதவிய பகுதியே இதுதான். 1996–97இல் கோல் 25, அசிஸ்ட் 72. அடுத்த பருவம் கோல் 23, அசிஸ்ட் 67. இரு பருவத்திலும் அசிஸ்ட்களில் லீகின் முதலிடத்தைப் பகிர்ந்தார். அப்போது வயது முப்பத்தாறு, முப்பத்தேழு. கடைசிப் பருவத்தில் ஒன்பதே கோல். ஆனால் 53 அசிஸ்ட். கோல் அடிக்கும் கூர்மை உடலோடு தேய்ந்தது. பனித்தளத்தைப் பார்க்கும் பார்வை தேயவில்லை. 1999 ஏப்ரல் 18 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடிய கடைசி ஆட்டத்தில் ப்ரையன் லீட்ச் அடித்த கோலுக்கு அவர் கொடுத்த அசிஸ்ட்தான் அவரது இறுதிப் புள்ளி.

அந்தப் பார்வையை இன்னொருவருக்குக் கைமாற்ற அவராலும் இயலவில்லை. 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது அந்த அணி ஒருமுறைகூடக் கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை.

மற்ற மேதைகளின் அருகில்

நேர்மையான மதிப்பீட்டுக்கு ஒப்பீடு வேண்டும். பாபி ஆர் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே இருமுறை லீகின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் அதைச் செய்ததில்லை. முழங்கால் சிதைந்து, 657 ஆட்டங்களோடு முப்பது வயதில் விடைபெற்றார். ஆட்டத்தின் அமைப்பையே மாற்றியவர் என்ற அளவுகோலில் ஆரை முதலில் வைப்பவர்களோடு நான் சண்டையிட மாட்டேன். லெம்யூ 1992–93 பருவத்தில், இடையே புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றும், 60 ஆட்டங்களில் 160 புள்ளிகள் எடுத்தார். தனித்திறன் என்ற அளவுகோலில் அவருக்கு இணை காண்பது கடினம். ஹவ் ஐம்பத்திரண்டு வயதிலும் லீகில் ஆடியவர். நீடிப்பில் அவரே முதல்வர். கோல் அடிப்பதில், தடுப்பு இறுகிய காலத்தில் இருபது ஆண்டுகள் ஓயாது அடித்த ஓவெச்கினுக்கே முதலிடம். அதில் தயக்கம் வேண்டியதில்லை.

இவர்கள் அனைவருக்கும் எதிரே கிரெட்ஸ்கி வைக்கும் எண் 1,963. லீகில் அவர் பெற்ற அசிஸ்ட்கள் அத்தனை. இரண்டாம் இடத்தில் உள்ள ரான் ஃபிரான்சிஸுக்கு 1,249. மொத்தப் புள்ளிகளில் அவருக்கு அடுத்து நிற்கும் யரோமிர் யாகர், கோலும் அசிஸ்டும் சேர்த்து எடுத்தது 1,921. அதாவது கிரெட்ஸ்கி ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் லீகின் புள்ளிப் பட்டியலில் அவரே முதல்வர். பருவத்துக்கு நூறு அசிஸ்ட் என்பது இன்றைய வீரர்களில் கானர் மெக்டேவிட்டும் நிகிதா குச்செரோவும் ஒரே ஒருமுறை எட்டிய உயரம். கிரெட்ஸ்கி அதைத் தொடர்ந்து பதினொரு பருவம் எட்டினார். ஒருவர் பத்தொன்பது பருவம் தவறாமல் நூறு நூறாக எடுத்தாலும் 1,900தான் ஆகும்.

முடிவு

சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாவது இது. காலம் அவருடைய எண்களை ஓரளவு ஊதிப் பெரிதாக்கியது. ஆனால் சமகாலத்தவரிடமிருந்து அவரைப் பிரித்த தூரத்தைக் காலம் கொடுக்கவில்லை. எட்மண்டன் அவருக்குக் கோப்பைகளைக் கொடுத்தது. ஆனால் குர்ரிக்கும் நிக்கல்ஸுக்கும் லெம்யூவுக்கும் அவர் கொடுத்தது வேறெங்கிருந்தும் கிடைத்திருக்காது. சந்தை அவரை விற்றது. விற்ற இடத்திலும் அவர் ஆட்டத்தை வளர்த்தார். கோல் சாதனை போனதால் அவருடைய மதிப்பு குறையவில்லை. அவருடைய மெய்யான சாதனை எது என்பது இப்போது மறைப்பின்றித் தெரிகிறது. அவருடைய 2,857 புள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு, இன்னொருவர் கோல் அடிக்க அவர் உதவியதால் வந்தவை.

விளையாட்டை நேசிக்கும் வாசகர்களுக்கும் எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும், அடித்தவரின் பெயரோடு அடிக்க வைத்தவரின் பெயரையும் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். கிரெட்ஸ்கியின் 894 ஒருநாள் தாண்டப்படும் என்பதை எதிர்பார்த்திருக்கலாம். 1,963ஐத் தாண்டக்கூடியவர் இன்று ஆடுபவர்களில் எவரும் இல்லை.